சேத்துப்பட்டில் முடிந்தது கிருஷ்ணகிரியில் முடியாதா?

ஓசூர் பஸ் நிலையத்தில் ஷிப்ட் விடும் நேரத்தில் நின்று பாருங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒரியா எல்லாம் காதில் விழும். இந்த மாதம் சிப்காட்டில் வேலை. அடுத்த மாதம் அத்திப்பள்ளியில். அதற்கடுத்து பெங்களூரில். கையில் ஒரு பெட்டி, இடுப்பில் ஒரு பிள்ளை. வேலை எங்கேயோ, வீடும் அங்கேதான்.

அந்தப் பிள்ளைக்கு இருமல் வந்தால்?

"சளிதாங்க, தானா போயிடும்" என்று இரண்டு வாரம் ஓடும். இருமல் நிற்காது. காய்ச்சல் விட்டு விட்டு வரும். எடை ஏறாது. காச நோயோ என்று டாக்டர் சந்தேகப்படுவார். அங்கேதான் சிக்கல் ஆரம்பம்!

பெரியவர் என்றால் சளியைத் துப்பச் சொல்லிச் சோதிக்கலாம். கைப்பிள்ளைக்குத் துப்பத் தெரியுமா? விழுங்கிவிடும். விடியற்காலை வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுக்க வேண்டும். அதற்குக் கை பழகிய நர்ஸ் வேண்டும். பக்கத்திலேயே லேப் வேண்டும்.

தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் சிக்கல் இரண்டு மடங்கு. தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள் பிள்ளையின் உடம்பில் 18 மாதம் வரைகூடத் தங்கும். ஆகவே சாதாரண சோதனையை நம்ப முடியாது. 6 வார வயதில் குதிகாலில் குத்தி, சொட்டு ரத்தத்தை அட்டையில் உலர வைத்து, பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு நோயும் சேர்ந்துவிட்டால் மருந்துக்கும் மருந்துக்கும் சண்டை! காச நோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், எச்.ஐ.வி. மாத்திரைகள் பலவற்றின் சக்தியைக் குறைத்துவிடும்.

சென்னை காட்டிய வழி

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டு ஆராய்ச்சி, நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காச நோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கை கோத்தன. சானடோரியத்தில் படுத்தால்தான் குணம் என்று உலகம் நம்பிய காலம் அது. ஏழையின் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று 1959-ல் காட்டியது சேத்துப்பட்டுதான்!

பிள்ளைகள் விஷயத்திலும் சென்னைக்குப் பங்கு உண்டு. ஷைன் என்ற ஆராய்ச்சியில் உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய 4 நாடுகளின் 1,204 பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் 127 பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். இந்தியாவில் சென்னையிலும் புனேயிலும் நடந்தது. லேசான காச நோய்க்கு 6 மாத மருந்து வேண்டாம், 4 மாதமே போதும் என்று 2022-ல் முடிவு வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. எது லேசு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பெற்றோர் தாமாக மருந்தை நிறுத்தினால் ஆபத்து!

தினக்கூலிக்காரருக்கு 2 மாத அலைச்சல் மிச்சம் என்றால் சும்மாவா? ஆனால் லேசா, கடுமையா என்று பிரித்துப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும், லேப் வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய டாக்டர் வேண்டும். அது இல்லாத இடத்தில் இந்த 4 மாத மருந்து ஏட்டுச் சுரைக்காய்தான்.

இன்னொன்றும் உண்டு. பாதியில் ஊர் மாறும் குடும்பத்தை ஆராய்ச்சியில் சேர்க்க யாரும் தயங்குவார்கள். அப்படியானால் ஊர் ஊராகப் போகும் பிள்ளைக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்று யார் கண்டுபிடிப்பது?

என்ன செய்யலாம்?

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெங்களூரில் 1959-ல் தொடங்கிய தேசிய காச நோய் நிறுவனம் இருக்கிறது. ஓசூரிலிருந்து சென்னை 300 கிலோ மீட்டருக்கு மேல். பெங்களூரோ 40 கிலோ மீட்டர்தான். சேத்துப்பட்டு, கிருஷ்ணகிரி, பெங்களூர் மூன்றும் கை கோத்து, எல்லைப் பிள்ளைகளுக்கென்று சிகிச்சையும் ஆராய்ச்சியும் சேர்ந்த ஒரு பிரிவு தொடங்கட்டும். இரைப்பை நீர் எடுத்த அன்றே சோதனை நடக்கட்டும். ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக மாலையிலும் டாக்டர் இருக்கட்டும். இந்த உழைப்பால் வளர்ந்த தொழிற்சாலைகளும் பங்கு தரட்டும்.

காச நோயாளிக்கு அரசு தரும் நிக்ஷய் எண் எந்த மாநிலத்திலும் செல்லும். பெற்றோர்கள் ஊர் மாறும்போது அதை மறக்காமல் கொண்டு போக வேண்டும். ஆனால் எண் மட்டும் போனால் போதுமா? சோதனை முடிவும் டாக்டரின் கவனிப்பும் கூடவே போக வேண்டாமா?

ஜூஜுவாடியைத் தாண்டி லாரி லாரியாக உதிரி பாகம் போகிறது. ஒரு பிள்ளையின் வைத்தியம் மட்டும் அங்கேயே நிற்கலாமா?