மாப்பிள்ளைக்கு விசா வந்துவிட்டது, பெண்ணுக்கு?

அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் அநேகமாக வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது. ஆகவே தை பிறந்தால் இங்கே கல்யாணப் பேச்சும் விசாப் பேச்சும் சேர்ந்தே நடக்கும். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கிய அப்பளம், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், குக்கர், அந்தக் குக்கருக்கு உபரியாக இரண்டு காஸ்கெட். இத்தனை கவனமாகப் பெட்டி கட்டுகிற வீட்டில், "பெண் எந்த விசாவில் போகிறாள்?" என்று நான் கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"மாப்பிள்ளையோட விசாவிலதான் சார். டிபெண்டன்ட்."

அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, சென்னையில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுத்தர் என்றால் பிறத்தியார் காகிதத்தை வரி விடாமல் படிப்பவன் என்று அர்த்தம். ஒரு படிவத்தில் இருக்கும் ஒரே ஒரு வார்த்தை ஒருவருடைய பத்து வருடத்தை நிர்ணயிப்பதைப் பார்த்திருக்கிறேன். 'டிபெண்டன்ட்' அப்படிப்பட்ட வார்த்தை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனுக்கு எச்-1பி, மனைவிக்கு எச்-4. எச்-4-இல் இருப்பவர் படிக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. வேலை அனுமதி இல்லாதவரை சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடைக்காது. 2015 மே 26 முதல் ஒரு சலுகை வந்தது. நிறுவனம் கணவனுக்காகப் போட்ட நிரந்தரக் குடியிருப்பு மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, ஆறு வருடத்துக்கு மேல் எச்-1பி நீட்டிப்புக் கிடைத்திருந்தாலோ, மனைவி தனியாக விண்ணப்பித்து வேலை அனுமதி வாங்கலாம். புதிதாகக் கல்யாணமாகிப் போகிற பெண்களில் பெரும்பாலோருக்கு முதல் சில வருடங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. கணவனுக்கு வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அவன் அந்தஸ்து போனால் அவளுடையதும் கூடவே போய்விடும்.

எங்கள் அடுக்ககத்திலேயே ஒரு பெண், பட்டயக் கணக்காளர். இங்கே ஐந்து வருடம் வேலை பார்த்தவள், கல்யாணமாகி நியூ ஜெர்சி போனாள். மூன்று வருடம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் அங்கிள். அங்க லைப்ரரி கார்டு மட்டும்தான் என் பேர்ல இருக்கு" என்றாள். கணவன் நல்ல பையன். அவன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன்பு எச்-4 என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் குறை.

எல்லா நாடும் இப்படி இல்லை. ஜெர்மனியில் நீல அட்டை வாங்கிப் போகிறவரின் மனைவி அல்லது கணவர் போன நாள் முதல் வேலை பார்க்கலாம், ஜெர்மன் மொழித் தேர்வும் முன்கூட்டியே எழுத வேண்டாம். பிரான்சில் 'தலான்' அனுமதியில் போகிறவரின் குடும்பத்துக்கும் வேலை செய்யும் உரிமை உண்டு. பிரிட்டனில் நிலைமை கலப்படம். திறன் பணியாளரின் துணையாகப் போகிறவர் வேலை பார்க்கலாம். ஆனால் 2024 ஜனவரிக்குப் பிறகு சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போகிற மாணவரும், அதே வருடம் மார்ச்சுக்குப் பிறகு புதிதாக விசா வாங்கிப் போன பராமரிப்புப் பணியாளரும் துணையை அழைத்துப் போகவே முடியாது. கனடா 2025 ஜனவரி 21 முதல் துணைவருக்கான வேலை அனுமதியைச் சில பிரிவினருக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஆக, "வெளிநாட்டு மாப்பிள்ளை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. எந்த நாடு, எந்த விசா, அதில் பெண்ணுக்கு என்ன உரிமை என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "அவ வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா? குடும்பம் நடத்தத்தானே போறா." அவள் விருப்பப்பட்டு வீட்டில் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பொறியியல் படிக்க வைக்க நாலு வருடம் கட்டணம் கட்டிய அப்பா, அவள் வேலைக்குப் போகலாமா என்பதை ஒரு அயல்நாட்டு அதிகாரி தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்?

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: தம்பதியரில் ஒருவர் செய்யும் தெரிவு மற்றவரின் குடியுரிமையைப் பாதிக்காது. அந்த ஆறு மாதமும் நான் பள்ளிச் சிறுவன், திண்ணைகளில் இதே பேச்சுதான். புருஷன் ஒரு நாடு, பெண்சாதி ஒரு நாடா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வரியின் நியாயம் பெரியது. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு கையெழுத்து என்று 1956-இலேயே இரண்டு அரசாங்கங்கள் ஒப்புக்கொண்டன. இன்றைக்கு அபிராமபுரத்தில் நாம் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

அடுத்த கூத்து பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டிலோ இரண்டு கட்டம். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் நம் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய், முன்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று விழும், அதாவது முன்பெயர் தெரியவில்லை. இது போதாதென்று கல்யாணமான கையோடு பெண்ணின் பாஸ்போர்ட்டில் கணவன் பெயரை ஏற்றிவிடுகிறார்கள். பட்டச் சான்றிதழில் எஸ். லட்சுமி, பழைய பாஸ்போர்ட்டில் லட்சுமி சுந்தரம், புதியதில் லட்சுமி ராகவன். ஒரே பெண்ணுக்கு மூன்று காகிதம், மூன்று பெயர். மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை அவள் தலையில். பெயரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பிரான்சில் புரட்சிக் காலத்துச் சட்டம் ஒன்று, 1794-இல் வந்தது, பிறப்புப் பதிவில் உள்ள பெயர்தான் ஒருவருடைய பெயர் என்கிறது. அங்கே கல்யாணமான பெண் கணவன் பெயரைப் புழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், சட்டப்படி பிறந்த பெயர் மாறாது. புருஷன் மேல் உள்ள பிரியத்தைப் பாஸ்போர்ட்டில்தான் காட்ட வேண்டும் என்று இல்லை.

இனி செய்ய வேண்டியவை. திருமணப் பதிவு முதலில். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதத்தினரானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். மண்டப ரசீதும் ஆல்பமும் தூதரகத்துக்குப் போதாது. பிறகு பெண்ணின் பிறப்புச் சான்றிதழ். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது, 'பெண்' என்று மட்டும் இருக்கும். கிளம்புவதற்கு முன்பே பெயரை ஏற்றிவிடுங்கள். பட்டங்களுக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். அப்போஸ்டில் என்பது பிரெஞ்சுச் சொல், ஓரக் குறிப்பு என்று பொருள். 2005 ஜூலை 14 முதல் இந்தியா அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. துபாய் போகிறவர்களுக்கு இது செல்லாது, தூதரகச் சான்றொப்பமே வேண்டும். மாப்பிள்ளையின் பட்டத்துக்கு முத்திரை வாங்கும்போதே பெண்ணுடையதற்கும் வாங்கிவிடுங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றால், அங்கிருந்து இந்த வேலைக்கு வயதான அப்பாதான் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

பணம். இங்கே உள்ள அவள் கணக்கை மூடாதீர்கள். வெளிநாட்டில் குடியேறிய பின் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், அவள் பெயரிலேயே மாற்றுங்கள். திரும்பி வரும் விமானக் கட்டணம் அளவுக்காவது அவள் தனியாக எடுக்கக்கூடிய பணம் அவளிடம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்று மூன்றின் நகலும் பெற்றோரிடம் ஒரு தொகுப்பு இருக்கட்டும். மருத்துவக் காப்பீட்டில் அவள் பெயரும் பிரசவச் செலவும் அடங்குமா என்று மாப்பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள்.

"இதெல்லாம் கேட்டால் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகாதா?" என்று சம்பந்தி வீட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வீடு வாங்கும்போது முப்பது வருடத்து வில்லங்கச் சான்று வாங்குகிறோமே, விற்பவரை அவமதிப்பதாகவா அர்த்தம்? அங்கே வாங்கிய விவாகரத்துத் தீர்ப்பு இங்கே எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் நரசிம்ம ராவ் வழக்கில் விரிவாகச் சொல்ல வேண்டி வந்தது. வெளிநாட்டுத் திருமணப் புகார்களுக்கென்றே தேசிய மகளிர் ஆணையத்தில் 2009-இல் தனிப் பிரிவு வைத்தார்கள். தேவை இல்லாமலா வைத்தார்கள்? நல்ல மாப்பிள்ளைக்கு இந்தக் கேள்விகளால் ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் அவனுக்கும் லாபம். நாளை அவனுக்கு வேலை போனால் வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்க வழி இருக்கும்.

ஜாதகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பதினோராவதாக விசாப் பொருத்தமும் பாருங்கள். அதைப் பார்க்க ஜோசியர் வேண்டாம். அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் விலாவாரியாக இருக்கிறது. அதைப் பெண்ணே படிக்கட்டும், படித்துவிட்டு அவளே சரி என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு முகூர்த்த நாள் குறியுங்கள்.