வேலையை விடலாம், மருந்தை விடலாமா?

கேளம்பாக்கத்துல குடியிருந்து சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்குப் போய்வருகிறேன். பத்து வருஷமாகச் சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். திருப்போரூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. "வேலையை விட்டுட்டு மண்ணுல இறங்குங்க, சுகர் தானா ஓடிடும்" என்கிறார்கள் நம் நண்பர்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் ஆபத்தான பேச்சு. மாப்பிள்ளைச் சம்பா இன்சுலினுக்கு ஈடாகாது.

வேலை போனால் கம்பெனிக் காப்பீடும் போகும். தனியாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024-இல்தான் இது 4-இலிருந்து குறைந்தது. அதனால் இப்போதே பாலிசி எடுத்துவிட்டேன். காத்திருப்புக் காலம் முடியும்வரை சனி, ஞாயிறு மட்டும் வயல். மரத்துப்போன பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, வெறுங்காலோடு இறங்குவதில்லை.

நோயோடு விவசாயத்துக்கு வர நினைப்பவரிடம் முதல்ல மருந்தையும் காப்பீட்டையும் பற்றிக் கேளுங்க. என்ன பயிர்னு அப்புறம் பேசலாம்.