'ஆர்கானிக்' டிவி வேண்டாம் என்றேன்

பொங்கலுக்கு வந்த மகன், "பழைய டிவியைக் கொடுத்துவிட்டு ஓ.எல்.இ.டி. வாங்கித் தருகிறேன்பா" என்று கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனான். கடைப் பையன், "இது ஆர்கானிக் சார்" என்றான். கல்வராயன் மலைச் சாமைக்கும் தேனுக்கும் சொல்கிற அதே ஆர்கானிக்! "எரு போட்டு வளர்த்ததா தம்பி?" என்று கேட்டேன். சிரித்தானே தவிர, விளக்கம் சொல்லத் தெரியவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்கே 'ஷிமி ஓர்கானிக்' என்றால் கார்பன் சேர்மங்களைப் பற்றிய பாடம். தமிழில் கரிம வேதியியல். இந்த டிவியில் இருக்கும் ஆர்கானிக்கும் அந்தக் கரிமம்தான். இயற்கை உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது நம் வீடுகளில் உள்ள 'எல்.இ.டி. டிவி' உண்மையில் எல்.சி.டி. டிவி. பின்னால் எல்.இ.டி. விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகம் ஜன்னல் கதவு மாதிரி, புள்ளிக்குப் புள்ளி வெளிச்சத்தை விடும் அல்லது மறிக்கும். முழுக்க மறிக்க முடியாததால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். கடையில் கியூ.எல்.இ.டி. என்று விற்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஏமாறாதீர்கள்.

ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. இரண்டு மின்வாய்களுக்கு நடுவே, தலைமயிரின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான கரிமப் படலங்கள். ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான் வரும். மறு பக்கத்திலிருந்து எலக்ட்ரான் இல்லாத காலியிடம், 'துளை' என்பார்கள், நகர்ந்து வரும். நடுவில் எலக்ட்ரான் அந்தத் துளையில் விழும்போது மிச்சமாகும் ஆற்றல் வெளிச்சமாக வெளிவருகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் அந்தப் புள்ளி முழு இருட்டு. 1976ல் ஜாகீர் ஒழிந்த பிறகு அலுவலக வேலையாக வெள்ளிமலையில் தங்கிய அமாவாசை இரவுகளில் பார்த்த இருட்டு அது. கடையில் அந்தத் திரையைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. அழகு, மறுக்கவில்லை.

கரிமப் பொருளில் மின்சாரத்தால் ஒளி வருவதை 1950களில் பிரான்சின் நான்சி நகரில் பெர்னனோஸ் என்பவர் கண்டார் (எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை). ஆனால் அதற்கு மிக அதிக வோல்டேஜ் தேவைப்பட்டது. 1987ல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியின் சிங் டாங், வான் ஸ்லைக் இருவரும் இரண்டு படலங்களை அடுக்கி, பத்து வோல்ட்டுக்குள் எரிய வைத்தார்கள். இப்போது சென்னை ஐ.ஐ.டி.யிலும் இதற்கென ஓர் ஆய்வு மையம் இருக்கிறது.

பிறகு ஏன் வேண்டாம் என்றேன்? ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவதால், எரிய எரியத் தேய்கிறது. அதிலும் நீலத்துக்கு ஆயுள் குறைவு, அதன் ஒளிக்கு ஆற்றல் கூடுதலாக வேண்டியிருப்பதால். ஒரே இடத்தில் ஒரே படம் நின்றால் அந்த இடம் மட்டும் முதலில் மங்கும். என் மைத்துனர் வீட்டில் காலை ஆறு முதல் இரவு பத்து வரை ஒரே செய்திச் சேனல்தான். மூன்றாம் வருடம் சேனலை மாற்றினாலும் மூலையில் அந்த முத்திரை ஆவி போலத் தெரிய ஆரம்பித்தது. பார்க்க வந்த மெக்கானிக், இது வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொடுத்த பணம் ஒரு லட்சத்துக்கு மேல்.

புது மாடல்களில் படத்தைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தியும் முத்திரையை மங்கலாக்கியும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றான் மகன். சரிதான். தேய்மானம் தள்ளிப்போகும், நிற்காது. நாலு வருடத்தில் மாற்றிவிடும் போனுக்கு இந்தத் திரை பொருத்தம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு சினிமா பார்க்கும் இளசுகளுக்கும் பொருத்தம். செய்தியும் பக்திச் சேனலும் நாள் முழுக்க ஓடும், ஜன்னல் வெயில் கூடத்தில் விழும் நம் மாதிரி வீட்டுக்கு எதற்கு? கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன், "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்தச் சேனல் பார்ப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அன்று யாரும் கேட்கவில்லை.

மகனுக்குக் கொஞ்சம் வருத்தம். அந்தப் பணத்தில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்துவிடலாம் என்றேன். அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறோம்.