சங்கேத வேட்டையும் கையுறைக்காரர் மகனும்

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எழுதியவர் ஷேக்ஸ்பியர் அல்லர் என்ற வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதன் மிக விசித்திரமான கிளை சங்கேத வேட்டை. 1888இல் இக்னேஷியஸ் டொனெல்லி, 1623ஆம் ஆண்டின் முதல் பெருந்தொகுப்பில் பிரான்சிஸ் பேக்கனின் இரகசியக் கதை புதைந்திருப்பதாகச் சொற்களை எண்ணிக் காட்டினார். 1910இல் டர்னிங் லாரன்ஸ், நாடகமொன்றில் வரும் 27 எழுத்து இலத்தீன் சொல்லைக் கலைத்து அடுக்கி, பேக்கனின் பெயரைக் கண்டெடுத்தார். அதே எழுத்துகளை வேறு விதமாக அடுக்கினால் வேறு வாக்கியம் கிடைக்கும் என்பது அவரை உறுத்தவில்லை.

எலிசபெத் கேலப்பின் முறை இவற்றினும் நுட்பமானது. ஓர் எழுத்தை ஐந்து எழுத்துகளால் குறித்து, இருவகை அச்செழுத்துகளைக் கலந்து செய்தியை மறைக்கும் முறையைப் பேக்கன் உண்மையிலேயே விளக்கியிருக்கிறார். பெருந்தொகுப்பிலும் அதுவே உள்ளது என்றார் கேலப். இல்லினாய்ஸின் ரிவர்பேங்க் ஆய்வகத்தில் அவரது ஆய்வுக்குத் துணைநின்ற வில்லியம், எலிசபெத் ஃப்ரீட்மன் ஆகியோர், பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த சங்கேத வல்லுநர்கள் ஆயினர்.

1957இல் அத்தம்பதியர் எழுதிய நூல் இவ்வேட்டையைத் துறை அறிவோடு சோதித்தது. அவர்கள் வைத்த அளவுகோல் எளியது: திறவுகோல் மாறாததாக இருக்க வேண்டும், அதைக் கொண்டு யார் திறந்தாலும் ஒரே செய்தி வர வேண்டும். ஒரு வாதமும் தேறவில்லை. தேய்ந்த அச்சும் பரவிய மையும் உண்டாக்கிய வேறுபாடுகளையே கேலப் இருவகை எழுத்தாகக் கண்டிருந்தார். குறும்பாக, தம் நூலின் ஒரு பக்கத்திலேயே பேக்கன் முறையில், நாடகங்களைத் தாம் எழுதவில்லை என்று பேக்கனே கூறும் செய்தியையும் ஒளித்துவைத்தனர்.

ஆசிரியர் யார் என்று கேட்பது பிழையன்று. ‘இரு உயர்குல உறவினர்’ நாடகத்தின் 1634ஆம் ஆண்டுப் பதிப்பே ஃப்ளெச்சரையும் ஷேக்ஸ்பியரையும் ஆசிரியர்களாகக் குறிக்கிறது. 2016இல் நியூ ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு, ஆறாம் ஹென்றி நாடகங்களில் மார்லோவின் பெயரையும் சேர்த்தது. அம்முடிவை ஏற்காத அறிஞர்களும் உண்டு. எனினும் அதன் சான்றுகள் சொல்லாட்சியும் நடையும். எவரும் சரிபார்க்கலாம், மறுக்கலாம்.

சங்கேத வேட்டைக்காரர்களிடம் நாம் காண்பது ஐயம் அன்று, அவமதிப்பு. பல்கலைக்கழகம் காணாத கையுறைக்காரர் மகனுக்கு இவ்வளவு அறிவு ஏது என்பதே அவர்களது முதற்கேள்வி. செங்கல் கொத்தனாரின் வளர்ப்பு மகனான பென் ஜான்சனை எவரும் இப்படிக் கேட்பதில்லை. பிறப்பை வைத்துப் படைப்பாற்றலை அளக்கும் வழக்கம் எந்த மொழியில் தலைகாட்டினாலும் இலக்கிய வாசகர் எதிர்க்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் தாராளமாக வாதிடலாம். திறவுகோலை மட்டும் உடன் கொண்டு வரட்டும்; அதே வரி நமக்கும் கிடைக்கிறதா என்று பார்ப்போம்.