தராசு முள் யார் பக்கம்?

2012 ஆம் ஆண்டு ஜூன் 9 ஆம் திகதி லாஸ் வேகாஸ் நகரில் மென்னி பக்கியாவோவும் டிமோதி பிராட்லியும் மோதிய தொழில்முறைக் குத்துச்சண்டைப் போட்டி இன்றும் விவாதிக்கப்படுகிறது. பன்னிரண்டு சுற்றுகளில் பக்கியாவோவின் குத்துகளில் 253 இலக்கைத் தொட்டன. பிராட்லியின் குத்துகளில் 159 மட்டுமே தொட்டன என்பது குத்துகளை எண்ணுவோர் வெளியிட்ட கணக்கு. ஆனால் மூன்று தீர்ப்பாளர்களில் இருவர் 115-113 என்று பிராட்லிக்கு வெற்றியளித்தனர். உலகப் பட்டம் கைமாறியது. பட்டத்துக்குரிய அமைப்பு பின்னர் ஐந்து தீர்ப்பாளர்களைக் கொண்டு ஒளிப்பதிவை மீளாய்வு செய்வித்தது. ஐவருமே பக்கியாவோ வென்றதாகக் கூறினர். எனினும் முடிவு மாற்றப்படவில்லை.

தீர்ப்பாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்கு 10 புள்ளிகள், மற்றவருக்குப் பொதுவாக 9, விழுத்தப்பட்டால் 8. மயிரிழையில் முந்தியவருக்கும் அதே 10 தான், அடித்து நொறுக்கியவருக்கும் பெரும்பாலும் அதே 10 தான். மூவரும் மேடையின் மூன்று பக்கங்களில் அமர்ந்திருப்பதால் ஒருவர் கண்ட குத்து மற்றவருக்கு முதுகால் மறைந்திருக்கலாம். ஆகவே கருத்து வேறுபாட்டை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டைக் கேள்வி கேட்க வழியில்லாமல் இருப்பதையே குற்றமாகச் சொல்கிறேன்.

2014 இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவை நினைத்துப் பாருங்கள். அது தொழில்முறைப் போட்டியல்ல; ஆயினும் நோய் ஒன்றுதான். மணிப்பூரைச் சேர்ந்த சரிதா தேவி, பிள்ளை பெற்ற மறு ஆண்டே களத்துக்குத் திரும்பியவர். அரையிறுதியில் கொரிய வீராங்கனை பார்க் ஜி-னாவை அவர் வென்றுவிட்டதாகப் பலரும் நம்பியிருக்க, தீர்ப்பாளர்கள் மூவரும் பார்க் பக்கமே நின்றனர். தீர்ப்பாளரின் முடிவுக்கு எதிராக முறையிட விதிகளில் இடமில்லை என்று இந்தியாவின் மனு தள்ளப்பட்டது. பதக்க மேடையில் அழுதபடி நின்ற சரிதா, வெண்கலப் பதக்கத்தைக் கையில் வாங்கி, பார்க்கின் கழுத்திலேயே அணிவித்தார். அதற்காக அவருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது.

அந்தக் கண்ணீரைப் பார்த்தபோது பொகவந்தலாவையில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் கொழுந்து மடுவம் என் நினைவுக்கு வந்தது. மாலையில் அம்மா கொழுந்தைக் கொண்டுபோய்த் தராசில் மாட்டுவார். முள் கணக்கப்பிள்ளையின் பக்கம் பார்த்திருக்கும். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்துவிட்டு அவர் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண் குறைந்தால் அன்று அரைப்பேர்தான். "எனக்குத் தெரியாதா என் கொழுந்தின் பாரம்?" என்று அம்மா லயத்துக்கு வந்த பின்னர்தான் கேட்பார். மடுவத்தில் கேட்டால் வாய்க்காரி என்ற பெயர் வரும். கணக்கப்பிள்ளை சரியாகவே நிறுத்திருந்த நாட்களும் இருந்திருக்கும். முள்ளைக் காணாத அம்மாவுக்கு அந்த நாட்களிலும் நம்பிக்கை வரவில்லை.

குத்துச்சண்டையிலும் முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும் என்பதே என் வாதம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் புள்ளிகள் அறிவிக்கப்பட வேண்டும். சர்ச்சைக்குரிய தீர்ப்புக்கு அதை வழங்கியவர் எழுத்தில் காரணம் தர வேண்டும். மீளாய்வு தவறென்று கண்டால் முடிவைத் திருத்தும் அதிகாரமும் அதற்கு இருக்க வேண்டும்.

புள்ளிகளை இடையில் அறிவித்தால், முன்னிலையில் இருப்பவர் கடைசிச் சுற்றுகளில் ஓடியே காலம் கடத்துவார் என்கிறார்கள். ஓடினால் அந்தச் சுற்றை எதிராளிக்குக் கொடுக்கலாமே! அறிவித்தாலும் சர்ச்சை ஓயாது என்பதும் உண்மைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் சுற்றுக்குச் சுற்று புள்ளிகள் காட்டப்பட்டன. 2021 ஜூலையில் அங்கே மேரி கோம் மூன்றில் இரண்டு சுற்றுகளை வென்றும் 3-2 என்ற பிளவுத் தீர்ப்பில் தோற்றார். தாமே வென்றதாக நினைத்திருந்ததாகவும் பின்னர் சொன்னார். ஆனால் முதல் சுற்றில் ஐந்து தீர்ப்பாளர்களில் நால்வர் எதிராளிக்குப் புள்ளியளித்ததே அவரைக் கவிழ்த்தது என்பதை எவரும் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது. ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம். விளங்கிக்கொள்ள வழி இருந்தது.

மூடிய அறைகளில் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை முடிவுகளைத் திரிக்க ஓர் ஏற்பாடே இருந்ததாக, ரிச்சர்ட் மெக்லாரன் தலைமையிலான விசாரணை 2021 இல் கண்டறிந்தது. வீரர்களின் சந்தேகம் வெறும் தோற்றவர் புலம்பல் அல்ல என்பது அதன்பின்னராவது விளங்கியிருக்க வேண்டும்.

மேடையில் ஏறுகிறவன் தன் உடலையே பணயம் வைக்கிறான். அவன் பட்ட அடிக்கு என்ன விலை போடப்பட்டது என்று கேட்கும் உரிமை அவனுக்கு இருக்கிறது. கேட்டவளுக்கு ஓராண்டுத் தடை என்றால், அது வாய்க்காரி என்று பட்டம் கட்டிய அந்த மடுவத்து வழக்கமேயன்றி வேறென்ன?