வெயிலை மனப்பாடம் செய்ய முடியாது

தமிழ்நாட்டில் பள்ளி திறக்கும் தேதியை இப்போது கல்வித் துறை மட்டும் முடிவு செய்வதில்லை. வெயிலும் கூடச் சேர்ந்து முடிவு செய்கிறது. 2023இல் ஜூன் 1 அன்று திறக்க வேண்டிய பள்ளிகள் வெப்பத்தின் கடுமையால் ஜூன் 12 வரை தள்ளிப்போயின. 2024இல் ஜூன் 6 என்றிருந்த தேதி 10 ஆனது. இடையில், 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அரசு அறிவித்தது. பருவநிலை மாற்றம் நம் பிள்ளைகளிடம் விடுமுறை அறிவிப்பாகவும் நனைந்த புத்தகப் பையாகவும் தகரக் கூரைக்கடியில் தலைசுற்றலாகவும் வந்து சேர்ந்துவிட்டது.

வகுப்பறைக்குள் மட்டும் அது இன்னும் ஐந்து மதிப்பெண் வினாவாகவே இருக்கிறது. பசுமை இல்ல வாயுக்களின் பெயர்களை வரிசை மாறாமல் எழுதும் மாணவியிடம், அவள் உட்கார்ந்திருக்கும் அறை நண்பகலில் எத்தனை டிகிரிக்குக் கொதிக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் ஓவியப் போட்டி. உருகும் பூமிப் பந்து, பக்கத்தில் ஒரு பனிக்கரடி. பனிக்கரடியை வரையும் பிள்ளைக்குத் தன் ஊர் ஏரியின் மதகு எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. இந்தக் கல்வி போதாது. பருவநிலைப் பாடம் புத்தகத்திலிருந்து இறங்கி மாணவரின் கைக்கும் கற்பனைக்கும் மனத்துக்கும் வர வேண்டும். கருவி செய்து அளப்பது, அளந்ததைக் கலையாக்கி ஊருக்குச் சொல்வது, அமைதியாக இருந்து கவனிப்பது ஆகிய மூன்றையும் ஒரே பாடவேளையில் இணைப்பதே அதற்கான வழி என்பது நம் நிலைப்பாடு.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. திட்டங்களுக்கும் பஞ்சமில்லை. பள்ளிகளில் இயங்கும் தேசிய பசுமைப் படை இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை செய்முறையாக அறிவியல் கற்பிக்க, 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்காக 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. அதே கல்வியாண்டில் பள்ளி மாணவர்களுக்கான கலைத் திருவிழாவும் வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. குறை எங்கே என்றால், ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர், தனிப் பதிவேடு, தனிப் புகைப்படம். அறிவியல் செய்பவருக்குக் கலை தெரியாது. கலை செய்பவருக்குத் தரவு கிடைக்காது. முத்துகள் இருக்கின்றன, கோக்க நூல் இல்லை.

முதலில் அளப்பதைப் பார்ப்போம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் உணரும் சிறு உணரி, அதன் கணக்கைக் கைப்பேசிக்கு அனுப்பும் சின்னஞ்சிறு பலகை, கொஞ்சம் கம்பி. எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் சில நாளில் பூட்டிவிடலாம். பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உணரியை நேர்வெயிலில் வைத்தால் அது காற்றின் வெப்பத்தைச் சொல்லாது. தன்மேல் விழுந்த வெயிலைத்தான் சொல்லும். நிழல் வேண்டும், காற்றும் புக வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளிவிட்டு அடுக்கி நடுவில் உணரியைத் தொங்கவிட்டால் இரண்டும் கிடைக்கும். கருவி காட்டும் எண்ணையும் கேள்வி கேட்க வேண்டும் என்பதை இதைவிட எளிதாக எந்தப் பாடநூல் கற்பிக்கும்?

மழைமானிக்கு மின்சாரமே வேண்டாம். நேரான சுவர் கொண்ட பாட்டிலும் அளவுகோலும் போதும். முற்றத்து ஆட்டுக்கல்லில் நின்ற நீரைப் பார்த்து “ஓர் உழவு மழை”, “இரண்டு உழவு மழை” என்று கணித்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள். இந்திய வானிலைத் துறை முந்தைய நாளின் மழையைக் கணக்கிடுவது காலை 8.30 மணிக்கு, ஏறக்குறைய பள்ளி மணி அடிக்கும் நேரம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 10 ஆயிரம் லிட்டர். அந்த நீர் எங்கே போனது என்று ஒரு மாணவன் கேட்கத் தொடங்கினால், 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி அவன் பள்ளியில் தூர்ந்து கிடப்பது தலைமையாசிரியரின் கண்ணிலும் படும்.

இது கனவல்ல. பக்கத்திலிருக்கும் கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்தின் மீனச்சில் ஆற்றுப் படுகையில், மாணவர்களும் ஊர்மக்களும் சேர்ந்து மழையையும் ஆற்று நீர்மட்டத்தையும் அளந்து பகிர்ந்துகொள்கிறார்கள். மேட்டில் பெய்த மழையின் அளவு தெரிந்தால் பள்ளத்தில் இருப்பவர் முன்கூட்டியே மூட்டை கட்டலாம். அங்கே அரசே மேல்நிலைப் பள்ளிகளில் வானிலை நிலையங்களை அமைத்திருக்கிறது. அளவெடுக்கும் கூடம் ஒவ்வொரு தெருவிலும் இல்லாத நாட்டில், ஒவ்வொரு தெருவுக்கும் அருகில் பள்ளி இருக்கிறது.

அளந்த எண்ணை நோட்டுக்குள் பூட்டிவைத்துப் பயனில்லை. படைப்பாற்றலுக்கு இங்கேதான் வேலை. 2018இல் பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட் ஹாக்கின்ஸ், ஆண்டுக்கொரு பட்டை என்று நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் வண்ணப் பட்டைகளாக உலக வெப்பத்தை வரைந்து காட்டினார். அதில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை, பார்த்தவுடன் புரிந்தது. நம் பிள்ளைகளுக்குக் கோலம் இருக்கிறது. மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி, வெப்பத்துக்கேற்ப ஒரு நிறம் என்று பள்ளி வாசலில் கோலமிட்டால், படிக்கத் தெரியாத பாட்டியும் சித்திரையின் சிவப்பைப் படித்துவிடுவாள். ஏரி நிரம்பி ஊருக்குள் புகுந்த கதையை வில்லுப்பாட்டாகப் பாடலாம். வாய்க்காலை அடைத்தவரைப் பொம்மலாட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம். கலைத் திருவிழாவின் தலைப்புகளுக்கு அந்தந்தப் பள்ளி எடுத்த அளவே கருப்பொருளாகட்டும். பனிக்கரடி ஓய்வெடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, அமைதியாக இருந்து கவனிப்பது, அதாவது தியானம். இதில்தான் ஐயங்கள் அதிகம். அவற்றில் நியாயமும் உண்டு. இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10 ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. பருவநிலை மாற்றம் குறித்துக் கடுமையாகக் கவலைப்படுவதாக 59 விழுக்காட்டினர் கூறினர். அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையைப் பாதிப்பதாக 45 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கூறினர். கஜா, மிக்ஜாம் புயல்களைக் கண்ட பிள்ளைகள் வானம் கறுத்தாலே கலங்குவதற்கு ஆய்வு தேவையில்லை. ஆனால், எல்லோரையும் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னால் கவலை தீர்ந்துவிடும் என்பதும் உண்மையல்ல. பிரிட்டனில் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட மனக்குவிப்புப் பயிற்சி, வழக்கமான பள்ளி நடைமுறைகளைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று 2022இல் முடிவுகள் வெளியாயின.

எனவே நாம் கேட்பது மருந்தாகத் தரப்படும் தியானத்தை அல்ல, கவனிக்கும் பழக்கத்தை. மழைமானியைப் பார்க்கும் முன் பத்து நிமிடம் வேப்பமரத்தடியில் பேசாமல் உட்காரட்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை பறவைக் குரல்கள் கேட்கின்றன, போன மாதம் பூத்தது எது, இந்த மாதம் உதிர்வது எது என்று கவனிக்கட்டும். பயம் இருப்பவர் அதைச் சொல்லட்டும்; சொல்ல விரும்பாதவரை விட்டுவிடலாம். மந்திரம் வேண்டாம், மதம் வேண்டாம், கட்டாயமும் வேண்டாம். இன்னொன்றும் முக்கியம். ஏரியை ஆக்கிரமித்தவர்மீது மாணவருக்கு வரும் கோபம் நியாயமானது. அதை ஆற்றிவிடும் தைலமாகத் தியானத்தைப் பயன்படுத்துவது மோசடி.

கவனிப்பிலிருந்துதான் கருவி பிறக்கிறது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்த திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். அந்தக் கரியை நாமெல்லோரும்தான் தினமும் பார்த்தோம்.

சுமையைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறோமா என்ற கேள்வி எழலாம். ஏற்றக் கூடாது. புகையைக் கக்கியது அவர்கள் அல்ல. சதுப்பு நிலத்தில் கட்டடம் எழுப்ப அனுமதி தந்ததும் அவர்கள் அல்ல. அவர்கள் அளந்து சொல்வார்கள். சரிசெய்வது பெரியவர்களின் கடமை. கருவிகளால் மின்னணுக் குப்பை சேராதா என்பாரும் உண்டு. ஆண்டுதோறும் புதுப் பெட்டி வாங்கி அலமாரியில் பூட்டினால் சேரும். ஒரே பலகையைப் பழுதுபார்த்து அடுத்த வகுப்புக்குக் கைமாற்றினால், பழுதுபார்ப்பதே ஒரு பாடம்.

பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியவை எளியவை. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் முதலில் மழைமானியும் வெப்பமானியும், அடுத்து மின்னணு உணரிகளும் தர வேண்டும். வானவில் மன்றத்தின் கருத்தாளர்களும் கலைத் திருவிழாவின் பொறுப்பாசிரியர்களும் ஒன்றாக அமர்ந்து திட்டமிட வேண்டும். இந்தப் பாடத்துக்குத் தேர்வோ மதிப்பெண்ணோ வைக்கக் கூடாது. வைத்தால் இதற்கும் கைடு வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளவுகளைக் கேட்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் முதல் அரைமணி நேரத்தைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுங்கள். ஊரில் பெய்த மழை இவ்வளவு, எங்கள் வகுப்பறையின் வெப்பம் இவ்வளவு, அடைபட்ட வாய்க்கால் இது என்று அவர்கள் படிக்கட்டும். ஊராட்சித் தலைவர் பதில் சொல்லட்டும்; அந்தப் பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும்.