புதிய டயர் முன்னாலா, பின்னாலா?

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூரைத் தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர் என்று பலரும் அறிவர். வெளியூர்க் கார்கள் வந்து போகும் ஊர். அங்கேயோ உங்கள் ஊர்க் கடைத்தெருவிலோ நிற்கும் கார்களின் சக்கரங்களைச் சற்றுக் குனிந்து பாருங்கள். சில கார்களில் முன் டயர்கள் புத்தம் புதியனவாக, பள்ளங்கள் ஆழமாக இருக்கும். பின் டயர்களோ தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறொரு கம்பெனி என்று இருப்பதும் உண்டு. “இரண்டு டயர்தான் புதிது என்றால் முன்னால் போடு” என்பது நம் ஒர்க்‌ஷாப்புகளின் எழுதாத சட்டம். காருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது மட்டுமன்று, மழைக்காலத்தில் அது ஆபத்தானது என்பதும் என் கருத்து.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? லாரியிலிருந்தும் பேருந்திலிருந்தும் வந்தது என்றே தோன்றுகிறது. அவற்றில் முன்னால் பக்கத்துக்கு ஒரு டயர். பின்னால் பக்கத்துக்கு இரண்டு. பின்னால் ஒன்று வெடித்தால் அதன் ஜோடி பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். முன்னால் வெடித்தால் ஸ்டீயரிங் கையை மீறிப் போகும். ஆகவே நல்ல டயரை முன்னாலும், ரீட்ரெட் செய்ததைப் பின்னாலும் போடுகிறார்கள். பேருந்தின் முன் சக்கரத்தில் ரீட்ரெட் டயரே கூடாது என்று அமெரிக்காவில் விதியே இருக்கிறது. பேருந்துக்கு அது சரி. காரில் நான்கு மூலையிலும் ஒற்றை டயர்தானே!

இன்னொரு காரணமும் உண்டு. அம்பாசிடர் காரில் என்ஜின் பின் சக்கரங்களைச் சுழற்றியது. 1983-இல் வந்த மாருதி 800-உம், இன்று ஓடும் சிறிய கார்களில் மிகப் பலவும் முன் சக்கரங்களால் இழுக்கப்படுபவை. இழுப்பது, திரும்புவது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது எல்லாம் முன் டயர்களே. எனவே அவை முதலில் தேய்கின்றன. தேய்ந்த இடத்தில் புதியதைப் போடுவது இயல்பான யோசனைதான். ஆனால் இயற்கையின் விதி நம் யோசனையைக் கேட்டு நடப்பதில்லை.

ஒரு கார் டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவே. காரைப் பிடித்து நிறுத்தும் உராய்வு முழுவதும் இத்தகைய நான்கு உள்ளங்கைகளில் அடங்கியுள்ளது. மழை நீரை வெளியேற்றும் வாய்க்கால்களே டயரின் பள்ளங்கள். புதிய டயரில் அவற்றின் ஆழம் சுமார் 8 மி.மீ. நம் நாட்டு விதிப்படி அது 1.6 மி.மீ.-க்குக் கீழே போகக் கூடாது. வாய்க்கால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்குவதுபோல், பள்ளம் தேய்ந்த டயரின் அடியில் நீர் தங்கி டயரையே தூக்கிவிடும். அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா, விமானச் சக்கரங்களை ஆராய்ந்து இதற்கு ஒரு வாய்பாடு கண்டது. அதன்படி 30 பவுண்டு காற்றுள்ள வழுக்கை டயர், நீர் நிறைந்த தளத்தில் மணிக்குச் சுமார் 90 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இது சாதாரண வேகம்! 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது.

சரி, வழுக்குவது முன் சக்கரமா, பின் சக்கரமா என்பதில் என்ன வேறுபாடு? ஒரு பொம்மைக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன் சக்கரங்கள் சுழலாதபடி ரப்பர் வளையத்தால் கட்டி, சாய்வான வழவழப்பான பலகையில் விடுங்கள். கார் நேராக வழுக்கிக்கொண்டு இறங்கும். இப்போது கட்டை அவிழ்த்துப் பின் சக்கரங்களைக் கட்டி விடுங்கள். கார் பாதி வழியில் சுழன்று திரும்பி, பின்பக்கம் முன்னாக வந்து சேரும்! உருளும் சக்கரம் பக்கவாட்டில் நகர மறுக்கும். வழுக்கும் சக்கரம் எந்தப் பக்கமும் போகும். பின்னால் பிடிப்பு இருந்தால் அது அம்பின் வாலில் கட்டிய இறகுபோல் காரை நேராக வைக்கிறது. பின்பிடிப்பு போனால் வால் தலையை முந்தப் பார்க்கிறது.

முன் சக்கரம் வழுக்கினால் கார் வளைவில் திரும்பாமல் நேரே போகும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலேயே அதை உணர்ந்து வேகத்தைக் குறைப்பார். பெரும்பாலும் பிடிப்பு மீளும். பின் சக்கரம் முன்னறிவிப்பு தராது. அதைச் சமாளிக்கப் பந்தய ஓட்டுநரின் கைகள் வேண்டும்.

இதே நியாயத்தைப் பிரிட்டிஷ் சட்டத்திலும் காணலாம். 1946-இல் மிஷலின் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர், இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய கிராஸ் பிளை டயரைவிட வளைவில் உறுதியாகப் பிடிக்கும். இவ்விரண்டையும் முன்பின்னாகக் கலக்க நேர்ந்தால், ரேடியல் முன்னால் இருக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். பின்னால் இருக்கலாம்.

“அப்படியானால் டிராக்டரில் முன்னும் பின்னும் வேறு வேறாக உள்ளனவே?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சேற்றில் இழுக்கும் பெரிய பின் டயரும், திசை திருப்பும் சிறிய முன் டயரும் வடிவமைத்தவரே கணக்கிட்டு வைத்தவை. வேகமும் குறைவு. நாம் கடையில் கிடைத்ததைக் கலப்பது அதைப் போன்றதன்று.

நான்கும் ஒரே வகையாக, ஒரே அளவு தேய்ந்தனவாக இருப்பதே சிறப்பு. சுமார் 10,000 கி.மீ.-க்கு ஒருமுறை முன்பின்னாக மாற்றிவந்தால் நான்கும் ஏறத்தாழச் சமமாகத் தேயும். இரண்டு மட்டும் வாங்க நேர்ந்தால், பின்னால் இருந்தவற்றை முன்னுக்கு மாற்றிவிட்டுப் புதியவற்றைப் பின்னால் பூட்ட வேண்டும். இதற்கு நான்கு சக்கரங்களையும் கழற்ற வேண்டியிருக்கும். கடைக்காரர் முகம் சுளிப்பது அதனால்தான். கூலி சற்றுக் கூடும், நேரமும் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவே.